தேருக்குப் போன ஸ்டாண்டுகள்

தினேஷ் காருக்கு அடியில் போவதற்கு முன் செய்கிற காரியங்களைப் பார்த்துச் சிரிக்காதவர்கள் அந்த இறப்பர் தோட்டத்து வரிசை வீடுகளில், அந்த லயத்தில், கிடையாது. பின்பக்கத்தைத் தூக்குவதென்றால் முதலில் முன்சக்கரங்களுக்கு முன்னும் பின்னுமாக நான்கு கல்லை அண்டக் கொடுப்பான். ஹேண்ட்பிரேக் பிடிப்பது பின்சக்கரத்தை, அந்தச் சக்கரமே அந்தரத்தில் தொங்கும்போது ஹேண்ட்பிரேக் இருந்தென்ன, இல்லாவிட்டால் என்ன என்பான். பிறகு கியரில் போடுவான். ஜெக் மண்ணில் புதையாமலிருக்க அதற்கடியில் தடித்த பலகை ஒன்றைப் போட்டு, பலகை சமமாக உட்கார்ந்திருக்கிறதா என்று குந்தியிருந்து பார்ப்பான். ஒரு பக்கத்தைத் தூக்கி ஓர் இரும்பு ஸ்டாண்ட், மறுபக்கத்தைத் தூக்கி இன்னொரு ஸ்டாண்ட். இவ்வளவும் ஆன பிறகும் உள்ளே போகமாட்டான். இடுப்பால் காரை ஓர் இடி இடிப்பான். இரண்டு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பார்ப்பான். விழுவதானால் நான் வெளியே நிற்கும்போதே விழட்டும் என்பது அவன் கட்சி.

"என்னா தினேசு, கார் ரிப்பேரா, கல்யாணச் சடங்கா?" என்று இறப்பர் பால் வெட்டிவிட்டு வாளியோடு போகிறவர்கள் நின்று கேட்பார்கள். அவன் காதில் போட்டுக்கொள்ளமாட்டான். "ஜெக்கு தூக்குறதுக்கு மட்டுந்தாங்க. தாங்குறதுக்கு இல்ல" என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பான்.

அந்த ஸ்டாண்டுகள் இரண்டும் கடையில் வாங்கியவை அல்ல. பெல்மதுளையில் ஒரு வெல்டிங்காரருக்குப் பக்கத்திலேயே நாள் முழுக்க நின்று, தடித்த குழாயை வெட்டிக் கால் விரித்துச் செய்வித்துக்கொண்டு வந்தவை. வேலை முடிந்ததும் துடைத்துக் கட்டிலுக்கடியில் தள்ளிவிடுவான். யார் எதைக் கேட்டாலும் இரவல் கொடுக்கிறவன், அதை மட்டும் ஒருவருக்கும் கொடுத்ததில்லை.

அவன் மனைவி துஷாந்தினிக்கு இதிலே கொஞ்சம் பெருமை, கொஞ்சம் வெட்கம். வேலைக்குப் போகிறவர்கள் விட்டுப் போகும் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற பிள்ளைக் காம்பராவில் அவளுக்கு வேலை. அவன் அந்தப் பழைய காரில் கஹவத்தை டவுனுக்கு வாடகைக்கு ஹயர் ஓடுவான். விரும்பிக் கட்டிக்கொண்டவர்கள். பதிவு எழுதி ஆறு வருஷம் ஆகியிருந்தது. ஒருவர் மேல் ஒருவருக்குக் குறை கிடையாது. அவளுக்கு இருந்த ஒரே குறை அவளுடைய அப்பா.

அப்பா சுந்தரலிங்கம் தோட்டத்துத் தலைவர். யூனியனுக்கும் அவர்தான், கோயிலுக்கும் அவர்தான். மகள் அடுத்த டிவிஷன் பையனோடு போய்ப் பதிவு எழுதியதை அவர் மன்னிக்கவில்லை. சாதி பார்க்கிறேன் என்று வெளியே சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு, "டிரைவர் பயலுக்குக் குடுக்கவா பொண்ணு வளர்த்தேன்" என்று சொல்லித் திரிந்தார். அம்மா செத்த வீட்டில்கூட அவர் துஷாந்தினியைப் பார்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் இருப்பது மேல் லயத்தில், இவர்கள் கீழ் லயத்தில். நடுவே இருந்த கல்படிகளை அவர் ஆறு வருஷமாக இறங்கவில்லை. அவர் ஒருநாள் இறங்கி வந்து தன் வாசலில் உட்கார வேண்டும் என்பதைத் தவிர அவள் சாமியிடம் வேறு எதையும் கேட்டதில்லை.

அப்படிப்பட்டவர், கோயில் திருவிழாவுக்குக் கொடியேற மூன்று நாள் இருக்கும்போது இறங்கி வந்தார்.

துஷாந்தினி சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். வாசலில் நிழல் விழுந்ததும் நிமிர்ந்தவள் சுளகை அப்படியே கீழே வைத்துவிட்டு எழுந்தாள். தினேஷ் உள்ளேயிருந்து வந்து நின்றான்.

"காரத் தூக்கி நிறுத்துற இரும்பு ரெண்டு இருக்காமே" என்றார் சுந்தரலிங்கம். "தேருக்கு முட்டுக் குடுக்கணும். இந்த மழைக்கு சக்கரம் மண்ணுல பொதையுது. போன வருஷம் வரைக்கும் எறப்பர் கட்டதான் வச்சோம். இந்த வருஷம் நல்லா செய்வோம்னு கமிட்டியில பேச்சு."

"அது வந்துங்க, எனக்கு அது இல்லாம..." என்று தினேஷ் இழுத்தான்.

"சாமி காரியம், மாப்பிள்ள."

மாப்பிள்ளை. அந்த ஒரு வார்த்தைக்கு ஆறு வருஷம் பிடித்திருந்தது. தினேஷ் பதில் சொல்வதற்கு முன்பே துஷாந்தினி உள்ளே போய், கட்டிலுக்கடியில் குனிந்து, இரண்டு ஸ்டாண்டுகளையும் தானே இழுத்துக்கொண்டு வந்து அப்பாவின் காலடியில் வைத்தாள். அவர் திண்ணென்று இருந்த இரும்பைத் தட்டிப் பார்த்துத் தலையாட்டினார். அவள் கொடுத்த தேத்தண்ணீரில் பாதியைக் குடித்தார். அன்று முழுக்க அவள் தரையில் நடக்கவில்லை.

அந்தக் கோயிலுக்கு ஒரு வழக்கம் உண்டு. திருவிழாவுக்கென்று எடுத்த பொருளுக்கு மஞ்சளும் குங்குமமும் வைத்துவிட்டால், கொடி இறங்கும் வரை அது சாமியுடையது. கொடுத்தவர் திருப்பிக் கேட்கக் கூடாது, கேட்டால் குற்றம். அண்டாவைக் கொடுத்தவள் பத்து நாளும் அடுத்த வீட்டுச் சட்டியில் சோறு பொங்குவாள். பாயைக் கொடுத்தவன் வெறுந்தரையில் படுப்பான். ஒருவரும் முணுமுணுப்பதில்லை. பத்து நாளில் சோற்றுக்கும் பாய்க்கும் என்ன ஆகிவிடப் போகிறது?

தேரன்று பௌர்ணமி, போயா விடுமுறை. தேர் இழுப்பது மாலையில். இரத்தினபுரியிலிருந்து ஐயரைப் பகல் பன்னிரண்டுக்குள் கூட்டிக்கொண்டு வருகிற பொறுப்பைத் தலைவர், கமிட்டிக்காரர்கள் எல்லோருக்கும் முன்னால், "நம்ம மாப்பிள்ள காருதான் போவும்" என்று சொல்லி ஏற்றிருந்தார். ஆனால் முந்தின நாள் தோட்டத்து ரோட்டில் ஒரு கல் இடித்து, சைலன்சரைப் பிடித்திருந்த கம்பி அறுந்து, குழாய் ரோட்டில் இழுபட்டுக்கொண்டு வந்து சேர்ந்திருந்தது. அடியில் படுத்துத்தான் கட்ட வேண்டும். போயா என்பதால் கஹவத்தையில் கராஜ் ஒன்றும் திறந்திருக்காது.

தினேஷ் கோயிலுக்குப் போனான். துஷாந்தினி அங்கே பெண்களோடு பூக் கட்டிக்கொண்டிருந்தாள். அவன் தேரடியில் செருப்பைக் கழற்றிவிட்டு மாமனார் முன்னால் போய் நிற்பதை அவள் பார்த்தாள்.

"மாமா, அந்த ஸ்டாண்ட் ரெண்டும் ஒரு மணித்தியாலத்துக்கு வேணுங்க. நானே ஜெக்கு வச்சி எடுத்திட்டு, தேருக்குக் கட்டைய வச்சிர்றேன். வேல முடிஞ்சதும் திரும்பக் கொண்டாந்து மாத்திர்றேன்."

"மஞ்சள் வச்சாச்சி" என்றார் சுந்தரலிங்கம்.

"காருக்கு அடியில போவணுங்க. ஐயரக் கூட்டியாரத்தானே."

"கட்டைய வச்சிட்டுப் போறது. போன வருஷம் வரைக்கும் சாமியே கட்டையிலதான் நின்னாரு. நீ என்னா, சாமிய விட பெரியாளா?"

தேரைச் சுற்றி நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். பூக் கட்டிய பெண்களும் சிரித்தார்கள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். இங்கே பூசாரி இன்னும் இரத்தினபுரியிலிருந்து வந்து சேரவேயில்லை, அதற்குள் இந்தக் கூத்து. துஷாந்தினி சிரிக்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் எழுந்து போய், "அப்பா, அதக் குடுத்திருங்க" என்று சொல்லவுமில்லை. பூவைக் கீழே வைத்துவிட்டுப் புருஷனின் பின்னால் வீட்டுக்கு நடந்தாள்.

"நான் போவல, துஷா" என்றான் தினேஷ் வீட்டுக்கு வந்ததும். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "ஐயர அங்கேயிருந்தே ஒரு த்ரீவீலர்ல வரச் சொல்லிருவோம். ஸ்டாண்ட் இல்லாம நான் அடியில போறதில்ல."

"எல்லார் முன்னுக்கும் ஒங்க காருதான் போவும்னு சொல்லிட்டாருங்க."

"சொன்னா?"

"போவலன்னா அவரு மொகத்துல கரிய பூசின மாதிரி. திரும்ப இந்த வாசலுக்கு வரமாட்டாரு." அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அழுகை தானாகத்தான் வந்தது, ஆனால் வந்ததை அவள் தடுக்கவில்லை. "ஆறு வருஷங்க. இப்பதான் மாப்பிள்ளன்னு கூப்புட்டாரு."

தினேஷ் காரை ஒரு சுற்றுச் சுற்றி, தொங்கிய குழாயைக் குனிந்து பார்த்தான். பிறகு, "சரி. கட்ட ரெண்டு எடுத்திட்டு வா. நல்லதாப் பாத்து எடு" என்றான்.

விறகு அடுக்கு லயத்துக்குப் பின்னால் இருந்தது. மறுநடுகைக்காக மலையில் வெட்டிச் சாய்த்த இறப்பர் மரங்களின் கட்டைகள். இறப்பர் கட்டையின் குணம் அந்தத் தோட்டத்துப் பெண்கள் எல்லோருக்கும் தெரியும். வெட்டிய புதிதில் கல் மாதிரி கனக்கும். மூன்று நான்கு மாதம் போனால் பூச்சி விழும். தோல் அப்படியே பார்வைக்கு நல்லபடி இருக்கும், உள்ளே மாவாகிவிடும். வெட்டிப் பார்க்கத் தேவையில்லை, கையில் தூக்கினாலே சொல்லிவிடலாம். விறகு பொறுக்கப் பழகின சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த விஷயம் அது.

முதல் கட்டை கனமாக இருந்தது. அதே உயரத்தில், அடியும் முடியும் தட்டையாக வெட்டுப்பட்ட இன்னொன்று வேண்டும். அடுக்கைப் புரட்டினாள். கனமானவை எல்லாம் ஒன்று கட்டையாக, ஒன்று நெட்டையாக இருந்தன. உயரம் சரியாக அமைந்தது ஒன்றே ஒன்றுதான். அதைத் தூக்கினாள். இலேசாக வந்தது.

அந்த இடத்தில் அவள் எவ்வளவு நேரம் நின்றாள் என்று கேட்டால், மூச்சு இரண்டு விடும் நேரம்தான். இது உளுத்த கட்டை என்று போய்ச் சொன்னால் அவன் ஜெக்கைச் சுருட்டி வைத்துவிட்டு, நான் போகவில்லை என்று உட்கார்ந்துவிடுவான். மணி ஒன்பதரை ஆகியிருந்தது. ஒரு மணித்தியால வேலைதானே. நல்ல கட்டையை வலது கையிலும் அதை இடது கையிலுமாகக் கொண்டு வந்து அவன் பக்கத்தில் வைத்தாள். ஒன்றும் சொல்லவில்லை.

தினேஷ் வழக்கம்போலக் கல்லை அண்டக் கொடுத்தான், கியரில் போட்டான், பலகையைப் போட்டான். ஒரு பக்கம் தூக்கி ஒரு கட்டையை நிமிர்த்தி வைத்தான். மறுபக்கம் தூக்கி மற்றக் கட்டையை வைத்தான். ஜெக்கை மெல்ல இறக்கியதும் கார் இரண்டு கட்டையின் மேலும் உட்கார்ந்தது. அவன் ஆட்டிப் பார்க்கப் போகிறான் என்று அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவன் ஆட்டவில்லை. ஸ்பேனரை எடுத்துக்கொண்டு, சாக்கை விரித்து, மல்லாந்து அப்படியே உள்ளே நகர்ந்தான். அவன் ஆட்டவில்லை என்று கண்டதும் அவளுக்கு மனம் ஆறியது. பிறகு எத்தனையோ நாள் எத்தனையோ விதமாகத் தன்னைத் திட்டிக்கொண்டாள், ஆனால் அந்த நேரத்தில் மனம் ஆறியதைப் போல வேறொன்றும் அவளை வதைக்கவில்லை.

துருப்பிடித்த நட்டு. அவன் உள்ளேயிருந்து ஒரு தரம் இழுத்தான், இரண்டு தரம் இழுத்தான். மூன்றாவது இழுப்பில் கட்டை முறியவில்லை, பொடிந்தது. சத்தம்கூடப் பெரிதாக இல்லை. கார் ஒரு பக்கமாகச் சாய்ந்து அவன் இடுப்பின்மேல் உட்கார்ந்தது.

அவள் போட்ட கூச்சலுக்குக் கோயிலிலிருந்த ஆட்கள்தான் ஓடி வந்தார்கள். சிரித்த அதே ஆட்கள், ஆறு பேர் சேர்ந்து கையாலேயே காரைத் தூக்கினார்கள். தோட்டத்தில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகக் கூடிய ஒரே வண்டி அந்தக் கார்தான். சந்தியில் கடை வைத்திருக்கும் ஸப்ரி நானாவுக்குப் போன் போட்டு, அவர் தன்னுடைய பட்டா என்கிற சின்ன லொறியைக் கொண்டு வருவதற்கு அரை மணித்தியாலம் ஆனது. வீட்டுக் கதவைக் கழற்றி, அதன் மேல் அவனைக் கிடத்தி லொறியில் ஏற்றினார்கள். கஹவத்தையில் பார்த்துவிட்டு உடனே இரத்தினபுரிக்கு அனுப்பினார்கள். முதுகெலும்பு என்றார்கள். இடுப்புக்குக் கீழே இனி உணர்ச்சி இருக்காது என்று ஒரு சின்ன வயது டாக்டர், சிங்களத்தில், அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

ஐயர் த்ரீவீலரில் வந்து சேர்ந்தார். தேர் நல்லபடி ஓடியது. கொடி இறங்கிய மறுநாள் ஸ்டாண்டுகள் இரண்டையும் யாரோ மஞ்சள் கழுவாமலேயே கொண்டு வந்து வாசலில் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

தோட்டம் முழுக்க ஒரே பேச்சு. சாமிக்குக் கொடுத்ததைத் திருப்பிக் கேட்டான், சாமி கேட்டுவிட்டது. சாமி குற்றம் என்ற சொல் ஒரு வாரத்தில் எல்லா லயத்துக்கும் போய்ச் சேர்ந்தது. பார்க்க வந்தவர்கள் பிஸ்கட் பெட்டியை வைத்துவிட்டு, "தலைக்கு வந்தது தலப்பாவோட போச்சி, உசுரு இருக்குல்ல" என்றார்கள். இரண்டு காலும் தலைப்பாகை ஆகிவிட்டது அவர்களுக்கு. துஷாந்தினி ஒன்றும் பேசவில்லை. சாமி குற்றம் என்று ஊர் சொல்லும் வரை கட்டையைப் பற்றி ஒருவரும் அவளிடம் கேட்கப் போவதில்லை. அதை நினைத்து அவள் வெட்கப்பட்டாள். வெட்கப்பட்டுக்கொண்டே அந்த மறைவில் இருந்தாள்.

சுந்தரலிங்கம் இப்போது தினமும் வந்தார். அதுதான் வேடிக்கை. காலையில் ஒரு தரம், மாலையில் ஒரு தரம். கமிட்டியில் இருந்த பிரதாப் என்ற திடகாத்திரமான இளைஞனையும் கூட்டிக்கொண்டு வருவார். கக்கூஸ் லயத்துக்குப் பின்னால், எட்டுப் படி கீழே. தினேஷை இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் கை கோத்துத் தூக்கிக்கொண்டு போய், முடியும் வரை காத்திருந்து திரும்பக் கொண்டு வந்து, குளிப்பாட்ட உட்கார வைத்துவிட்டுப் போவார்கள். துஷாந்தினி ஒரு நாள் தனியாகத் தூக்கப் பார்த்ததில், இரண்டு பேருமாகப் படியில் உருண்டார்கள். தினேஷின் அண்ணன்மார் கொழும்பில். லயத்து ஆண்கள் விடியும் முன்னே பால் வெட்டப் போய்விடுவார்கள். தலைவர் வந்து உட்காருவார், தேத்தண்ணீர் முழுவதையும் குடிப்பார், "மாப்பிள்ள, சாப்புட்டீங்களா" என்று கேட்பார். அவள் சாமியிடம் கேட்டது அப்படியே கிடைத்திருந்தது.

ஒரு வருஷம் போனது. ஒரு பகல், படுக்கைப் புண்ணுக்கு மருந்து போட அவனைப் புரட்டிப் படுக்க வைத்திருந்தாள். அவன் முகம் சுவர்ப் பக்கம் இருந்தது. முகத்தைப் பார்க்க வேண்டியிருந்தால் அவள் சொல்லியிருக்கமாட்டாள்.

"அன்னைக்கி அந்தக் கட்ட லேசா இருந்திச்சிங்க. தூக்கும்போதே எனக்குத் தெரியும்."

அவள் மருந்தைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"எனக்குந்தான் தெரியும்" என்றான் பிறகு. "நான்தானே நிமித்தி வச்சேன். கையில எடுத்தா தெரியாதா?"

"பின்ன ஏங்க போனீங்க?"

"ஆட்டிப் பாத்திருந்தா அப்பவே விழுந்திருக்கும். விழுந்தா திரும்ப ஒங்கப்பா முன்னுக்குப் போய் நிக்கணும். இல்லாட்டி நீ அழுவ. அதான் ஆட்டல." சுவரைப் பார்த்தபடியே, "ஒரு மணித்தியால வேலதானேன்னு நெனச்சேன்" என்றான்.

அவளும் அதையேதான் நினைத்திருந்தாள். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் தெரியாமல் ஒரே பொய்யைத் தங்களுக்குச் சொல்லிக்கொண்டு, ஒருவர் வெளியே நின்றிருக்கிறார், ஒருவர் உள்ளே போயிருக்கிறார். அவளுக்கு அழுகை வரவில்லை. நெருப்பு மாதிரிக் கோபம்தான் வந்தது, தன் மேலும், அவன் மேலும், எல்லாவற்றையும் விட வாசலில் நிழல் விழுவதற்காகத் தான் காத்திருந்த அந்த ஆறு வருஷத்தின் மேலும்.

மாலையில் சுந்தரலிங்கம் பிரதாப்போடு வந்தார். நெற்றி நிறைய விபூதி. கையில் ஒரு பொட்டலம்.

"மாப்பிள்ள பேருக்கு அர்ச்சன செஞ்சேன்" என்றார் வாசலில் நின்றபடி. "குத்தம் செஞ்சாலும் மனசார மன்னிப்புக் கேட்டா சாமி எறங்கி வரும்."

துஷாந்தினி உள்ளே வர வழிவிடவில்லை.

"அவரு என்னாப்பா குத்தம் செஞ்சாரு?"

"சாமி பொருளத் திருப்பிக் கேட்டது குத்தமில்லியா?"

"கேட்டது ஐயரக் கூட்டியாரத்தானே. நீங்க சொன்னதுக்குத்தானே. குத்தம் செஞ்சது நீங்க. கூடச் சேந்து நான். உளுத்த கட்டன்னு தெரிஞ்சே எடுத்துக் குடுத்தேன், நீங்க இந்த வாசலுக்கு வரணும்னு. வந்தது போதும்பா. இனிமே வராதீங்க."

பிரதாப் தரையைப் பார்த்தான். சுந்தரலிங்கத்தின் முகம் கறுத்தது. அவர் எத்தனையோ கூட்டம் பேசியவர். தோட்டத்து மேனேஜர் தொரையையே வாயடைக்க வைத்தவர். மகளின் முன்னால் பொட்டலத்தைக் கை மாற்றி மாற்றிப் பிடித்தார். வாய் திறந்திருந்தால் அது மன்னிப்பாக இருந்திருக்குமோ வசவாக இருந்திருக்குமோ, யாருக்குத் தெரியும்? பொட்டலத்தை வாசலில் வைத்தார். "வா தம்பி" என்று பிரதாப்பைக் கூட்டிக்கொண்டு படி ஏறத் தொடங்கினார்.

அவள் நிமிர்ந்து நின்றாள். ஒரு வருஷமாக அவள் அப்படி நின்றதில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்ட நிம்மதி, அடுப்படி வரை நடக்கிற நேரத்துக்கு அவளிடம் இருந்தது.

"துஷா" என்று உள்ளேயிருந்து தினேஷ் கூப்பிட்டான். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான். குரலில் கோபமில்லை, குற்றச்சாட்டுமில்லை. கணக்குப் பார்க்கிறவனைப் போல நிதானமாகக் கேட்டான். "நாளைக்குக் காலையில என்னையத் தூக்க யாரு வருவா?"

அவள் அடுப்படியில் நின்றாள். கையைப் பாவாடையில் துடைத்தாள். பிறகு வெளியே வந்து, வாசலைத் தாண்டி, படியடி வரை ஓடினாள். அவர்கள் பாதிப் படி ஏறியிருந்தார்கள்.

"அப்பா" என்று கூப்பிட்டாள். அவர் திரும்பிப் பார்ப்பதற்கு மூன்று தரம் கூப்பிட வேண்டியிருந்தது.